நாவல் பழம் என்று சொன்னேன்

எனக்குக் காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியிருந்தது. இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நான் டீ மேக்கர். அரைத்துப் பரப்பிய கொழுந்தில், தூள் என்போம் அதை, பச்சை வாடை போய்ப் பழ வாசனை எழும்பியதும் அதை உலர்த்தும் இயந்திரமான டிரையருக்கு அனுப்ப வேண்டும். ஒரு பிடி அள்ளி முகர்ந்து தலையசைப்பேன். அந்தத் தலையசைப்பில்தான் என் பிழைப்பு.

அன்று எங்கள் தோட்டத்து மேலாளர் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். விருந்தாளியாக வந்திருந்த வெளிநாட்டு வைன் வியாபாரி, பிரான்சின் போர்டோ முறையில் கலந்த சிவப்பு வைன் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். மிக இளசாம், பீப்பாயை விட்டு இறங்கிச் சில மாதம்தானாம். "எங்க டீ மேக்கர் நாக்கு பொய் சொல்லாது" என்று துரை பீற்றிக்கொண்டார்.

கிளாஸை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்துப் பார்த்தேன். ஓரம் நல்ல ஊதா. பிறகு பழக்கதோஷத்தில், தேயிலைச் சாயத்தை ருசிப்பதுபோல் சுர்ரென்று சத்தமாக உறிஞ்சி, துப்புவதற்கு வாளி தேடினேன். வியாபாரி சிரித்தபடி ஒரு வாளியை நகர்த்திவிட்டார்.

"ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்குதுங்க. புளிப்பும் தூக்கலா இருக்கு. இப்ப முரடுதான். அஞ்சாறு வருசம் கெடந்தா அடங்கிரும்" என்றேன். துரை மொழிபெயர்த்ததும் வியாபாரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவரும் அதையேதான் எழுதி வைத்திருந்தாராம்.

"வாசனை?" என்று கேட்டார்.

மூக்கை உள்ளே விட்டேன். ஒன்றுமில்லை. சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தேன். கழுவிக் கவிழ்த்த கிளாஸ்போல் இருந்தது. துவர்ப்பையும் புளிப்பையும் நாக்கும் ஈறும் சொல்லிவிடும்; அதை வைத்துத்தான் மூன்று வாரமாக என்னையே ஏமாற்றி வந்திருக்கிறேன். ஸ்டோரில் கொழுந்தை முகரும்போது ஏதோ குறைவது தெரிந்தது. சளி என்று சொல்லிக்கொண்டு, நிறத்தையும் சுவர் மணிக்கூட்டையும் பார்த்துத் தலையசைத்தேன்.

"நாவல் பழம்" என்றேன், நிறத்தைப் பார்த்து.

வியாபாரி மேசையைத் தட்டி ஆமோதித்தார். துரை என் தோளைத் தட்டினார்.

பனிமூட்டத்தில் குறுக்குப் பாதையால் இறங்கினேன். வழியில் யூக்கலிப்டஸ் இலையைக் கசக்கி மூக்கில் அழுத்திப் பார்த்தேன். கண்தான் எரிந்தது. தூளைக் கெடுக்கும் புது ஆட்களை "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று வாய்க்கொழுப்போடு ஏசுவேன். நன்றாக வேண்டும் எனக்கு.

ஸ்டோர் வாசலில் டிரையர்க்காரர் நின்றார். பதினைந்து வருடமாக என் தலையசைப்பை ஒருமுறையும் கேள்வி கேட்காதவர். அவருக்குப் பின்னால் நாலு பேர். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஐயா, பங்களாவுக்குப் போறப்ப நீங்க தலையாட்டிட்டுப் போன தூளு அப்பவே புளிச்சிருந்துச்சுங்க. நான் டிரையருல போடல."

இரண்டு கைகளிலும் ஒவ்வொரு பிடி தூள் வைத்திருந்தார். மெதுவாக நீட்டினார்.

"ஒண்ணு அது, ஒண்ணு நல்லது. எது எதுன்னு மோந்து சொல்லிருங்க ஐயா. எங்க மனசு ஆறட்டும்."

குனிந்தேன். இரண்டும் ஒரே நிறமாக இருந்தன.