நிறைந்த அட்டை, உயராத கை
புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் நான் போகும் பிங்கோ மண்டபத்தில் சில ஆட்டங்களைப் பல மண்டபங்களோடு இணைத்து நடத்துவார்கள். எங்கோ ஒருவர் இலக்கங்களைக் கூப்பிடுவார். எங்களுக்கு ஒலிபெருக்கியில் குரல் மட்டும் வரும். வரும் இலக்கங்களை அட்டையில் குறிப்போம். அட்டை நிறைந்தால் அடுத்த இலக்கத்துக்கு முன் கை உயர்த்திக் கத்தவேண்டும்; இல்லையென்றால் பரிசு போய்விடும்.

அன்று அறுபத்திரண்டோடு என் அட்டை நிறைந்தது.

"அக்கா, கத்துங்கோ" என்றாள் பக்கத்திலிருந்த சிநேகிதி கமலா.

கை எழவில்லை. ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பின்போது அடையாள அட்டை இலக்கங்களை இப்படித்தான் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். தன் இலக்கத்துக்குக் கை உயர்த்திய என் தம்பி திரும்பி வரவில்லை.

அடுத்த இலக்கம் வந்தது. இணைந்திருந்த பிறம்ரன் மண்டபத்தில் யாரோ வென்றார்கள்.

"ஏனக்கா பேசாம இருந்தனீங்கள்?"

தம்பியைப் பற்றி அன்றுதான் கமலாவிடம் சொன்னேன்.

இப்போதும் போகிறேன். இலக்கங்களை நான் குறிப்பேன். என் அட்டை நிறைந்தால் கையை அவள் உயர்த்துவாள். அது இறங்கும்வரை அவளின் ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.