நூர் பீவி போன சந்தை ஊர்

நூல் முனையை உதட்டில் நனைத்து ஊசிக் காதில் நுழைத்தபடியே நூர் பீவி பதில் சொல்கிறார்: "லண்டனா? அது எந்தப் பக்கம் கீதுன்னே எனக்குத் தெரியாது. நான் போனது சந்தை ஊரு."

பம்மலில் தோல் பர்ஸ் தைக்கும் பட்டறையில் அவருக்கு ஜன்னலோர இடம். மெஷினுக்கு அடங்காத மூலைகளைக் கையால் தைத்து முடிப்பது அவர் வேலை. லண்டன் போய் வந்தாயாமே என்று கேட்டது, புதிதாகச் சேர்ந்த பேபிதான். "அங்க இன்னாக்கா பாத்தே?" என்று அவள் மேலும் நோண்ட, பழைய ஆட்கள் கண்ஜாடை காட்டினார்கள். நூர் பீவிக்கு மறைக்கிற பழக்கம் கிடையாது. "எம்புள்ள செத்த எடத்தப் பாத்தேன்" என்றார், பக்கத்து வீட்டில் உப்பு கேட்கிற குரலில்.

மகன் முதாசிர் இங்கிலாந்தின் அந்தச் சிற்றூரில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்தான். வீடியோ காலில் ஊரைச் சுற்றிக் காட்டுவான். கல் தூண்கள் தாங்கும் சந்தை மண்டபம், முன்பக்கம் சாய்ந்து நிற்கும் மரவீடுகள், பச்சை படர்ந்த தேவாலயக் கோபுரம்.

"எழுநூறு வருஷமா இங்கயேதான் சந்தை நடக்குதும்மா. கீழ பாரு, கல்லுகூட அந்தக் காலத்துது."

"அத்தினி பழசா? வழுக்காது?"

"உனக்கு எப்பவும் இதே பேஜாருதான்" என்று சிரித்தான்.

வழுக்கத்தான் செய்தது. பனி உறைந்த ஒரு காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவன் சந்தைத் திடலில் சறுக்கி விழுந்தான். பின்னால் வந்த ரொட்டி வேனால் நிற்க முடியவில்லை. பக்கத்து நகரத்தில் அடக்கம் செய்தார்கள். அதையும் நூர் பீவி போனில்தான் பார்த்தார். விசா கிடைத்து, மகள் ஃபஹீமாவோடு அவர் போய்ச் சேர்வதற்குள் கபர் மேல் புல் முளைத்துவிட்டது.

கபரருகே அவர் அழவில்லை. துஆ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டு, "உழுந்த எடத்தக் காட்டு" என்றார்.

"அத இன்னாத்துக்கும்மா பாக்கணும்?"

"இங்க மண்ணத்தான் பாத்தேன். அவன் உசுரோட கடசியா இருந்தது அங்கதானே?"

முதாசிரோடு வேலை செய்த நாகர்கோவில்காரர் தனசிங் காரில் கூட்டிப்போனார். மண்டபத்தின் முன்னால் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கதாம்மா" என்றவர், அதற்குமேல் நிற்கமாட்டாமல் காரின் பக்கம் நடந்துவிட்டார்.

அன்று சந்தை நாள். பாலாடைக்கட்டி, தேன், பூந்தொட்டி என்று கடை விரித்திருந்தார்கள். எங்கோ ஒருவர் வயலின் வாசித்தார். பயங்கரமான ஓர் இடத்தைப் பார்க்கத்தான் நூர் பீவி மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஐஸ்கிரீமும் கையுமாகக் குழந்தைகள் அந்தக் கற்களின் மேல் ஓடின. ஒரு கறை இல்லை, ஒரு கீறல் இல்லை.

"எவ்ளோ சுத்தமா கழுவி வச்சிக்கீறாங்க பாரு" என்றார். ஃபஹீமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் சிரித்தபடி வந்தார். இவர்களும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் போலும். ஃபஹீமாவின் போனைக் காட்டி, இருவரையும் படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று ஃபஹீமா போனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எடுக்கட்டும் வுடு. பாவம், ஆசையா கேக்குது."

மண்டபம் முழுதும் படத்தில் விழ வேண்டுமென்று அந்த அம்மாள் கையசைத்துப் பின்னால் போகச் சொன்னார். பின்னால்தான் தனசிங் காட்டிய இடம்.

நூர் பீவி திரும்பிக் கீழே பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்து, சேலைக் கொசுவத்தைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பாயில் தூங்கும் பிள்ளையைத் தாண்டக்கூடாதென்று ஓரமாகச் சுற்றிப் போவார்களே, அப்படி அந்தக் கற்களைச் சுற்றி நடந்து, மறுபக்கம் போய் நின்றார்.