குமஸ்தாவின் சீனி இறங்கிய நாள்

களியக்காவிளைச் செங்கல் சூளையை விட்டுவிட்டு நெய்யாற்றின்கரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். சூளையில் ஒரு கால் வெந்திருந்தது. அங்கேயே இருந்தால் மற்றதும் வேகும். தமிழ்நாட்டோடு சேர்வதா, மலையாளத்தோடு இருப்பதா என்ற எல்லைப் போராட்டத்துக்காக அன்று கடையடைப்பு, பஸ்ஸும் இல்லை.

பாறசாலை தாண்டியதும் சாலையோரம் கூட்டம். நடுவில் ஒரு வக்கீல் குமஸ்தா, வேர்த்து ஒழுக, கை நடுங்க, ஒரு புளியமரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில். எந்தக் கட்சி என்று பிடிபடாததால் யாரும் அவரை அடிக்கவில்லை.

அவர் மனைவி கெஞ்சிக்கொண்டிருந்தார். "காலத்த இன்சுலின் ஊசி போட்டாவ. ஓட்டல்ல தின்னுக்கலாம்னு வீட்டுலேருந்து இறங்கினோம், எல்லாம் அடைப்பு. சீனி ரெம்ப இறங்கிப்போச்சு. இப்ப இனிப்பு உள்ள போவல்லேன்னா உயிரு நிக்காது."

"சீனி வியாதிக்காரருக்கு இனிப்பா? ஆளைக் கொல்லவா பாக்கிய?" என்றார் ஒரு பெரியவர்.

குமஸ்தாவும் அதைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியளா? இவ என்னைக் கொல்லப் பாக்கா."

டீக்கடைக்காரர் பூட்டிய கதவுக்குள்ளிருந்தே சொன்னார்: "தொறந்தா கல்லு வரும் மக்கா."

சற்றுத் தள்ளி ஒரு பனையின் உச்சியில் ஆள் தெரிந்தது. வெந்த காலை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "அண்ணே, உங்களுக்குக் கடையடைப்பு இல்லியா?"

"எலே, பனைக்கு ஆரு போய்ச் சொல்லியது?"

பதநீரோடு இறங்கி வந்தார். அவர் குமஸ்தாவின் கைகளைப் பிடிக்க, நான் வாயில் ஊற்றினேன். "போலீசு வந்தா நான் சாட்சியாக்கும்" என்றார் பெரியவர். முதல் வாயைக் குமஸ்தா என் சட்டையில் துப்பினார். அடுத்ததை விழுங்கினார். பிறகு கலயத்தை அவரே வாங்கிக்கொண்டார். சிறிது நேரத்தில் வேட்டியைச் சரிசெய்து, இங்கே என்ன கூட்டம் என்று மனைவியிடம் கேட்டார்.

கூடவே நடந்தபோது எனக்கு விளக்கினார். "வயித்துக்குப் பின்னால கணையம் உண்டு. அதுல சின்னச் சின்னத் திட்டு. சீனியை இறக்குகதுக்குள்ள இன்சுலின் அங்கதான் ஊறும். அதே திட்டுல சீனியை ஏத்துகதுக்கும் ஒரு ஹார்மோன் உண்டுன்னு டாக்டர் சொன்னாரு."

"அப்ப ஏத்துகது இன்னைக்கு எங்க போச்சு சாரே?"

"அதுக்கும் கடையடைப்புதான்" என்றார் மனைவி. தன் கையால் கொடுத்தால் இவர் தின்னமாட்டார் என்று என்னை வேலைக்குக் கேட்டதும் அவர்தான்.

மறுநாள் காலை சேர்ந்தேன். மடியில் கருப்பட்டியோடு குமஸ்தாவின் பின்னால் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். காரணமில்லாமல் சண்டைக்கு நின்றால் ஒரு துண்டை வாயில் வைக்க வேண்டும். வழியில் அமரவிளை போவதற்குள் மீன்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் சண்டை போட்டுவிட்டார். எது சீனி, எது சுபாவம் என்று தெரியவில்லை. கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கை நடுங்குகிறதா என்று பார்த்தபடியே நடந்தேன்.