குதிரைக்கு வாய்க்கூடு போட்ட அத்தான்

இதைக் கோபத்தோடு, பதுளை பஸ்ஸில் இருந்தபடி எழுதுகிறேன். நேற்று வெள்ளிக்கிழமைதான் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். அங்கே அக்காவின் கணவர், என் அத்தான், ஒரு பந்தயக் குதிரை வாங்கி வைத்திருக்கிறார். நாளை கடற்கரையில் ஓட்டம். குதிரை தின்னாமல் பல்லை நறநறவென்று கடிப்பதாக அக்கா போனில் அழுதாள். நுவரெலியாவில் என் குதிரையும் வயிற்றுப்புண்ணில் கிடந்து எழும்பியதுதான். அதனால் உடனே கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணிக்குப் பதுளையில் ஏறி, பதினொன்றரைக்குச் செங்கலடிச் சந்தியில் இறங்கினேன். மட்டக்களப்புக்குப் போய், மண்முனைப் பாலத்தால் போகும் பஸ்ஸில் ஏறுவதுதான் மலிவு. நான் அவசரத்தில் ஓட்டோ பிடித்து மூவாயிரம் ரூபாய் அழுதேன்.

"குதிரைக்கும் கேஸ்ட்ரிக் வருமா தங்கச்சி?" என்று சிரித்தார் ஓட்டோக்காரர்.

"பட்டினி போட்டா வரும் அண்ணே."

போய்ப் பார்த்தால் அதேதான்! குதிரையின் வாயில் கயிற்றால் பின்னிய வாய்க்கூடு. அத்தான் வீட்டார் வண்டில் மாட்டுப் பந்தயக்காரர். ஓட்டத்துக்கு முன் மாட்டின் வாயைக் கட்டுவது அவர்கள் வழக்கம். அதைக் குதிரைக்கும் செய்திருக்கிறார்.

"என்னகா புள்ள, வயிறு பாரமா இரிந்தா எப்பிடி ஓடும்? மருந்து குடுக்கிறன்தானே" என்றார்.

மருந்தாம்! மனிதர் விழுங்கும் கேஸ்ட்ரிக் கப்சியூலை உடைத்து, உள்ளே இருக்கும் மணிகளை அம்மியில் அரைத்துப் புகட்டுகிறார். கூடவே வலி மாத்திரை, அந்த நோவுக் குளிசை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடு தின்றதை வைத்து அசைபோடும். குதிரை வயிற்றிலோ தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அரைத்த மருந்து அந்த அமிலத்திலேயே கெட்டுப்போகும். நோவுக் குளிசை புண்ணைக் கிளறும்.

வாய்க்கூட்டை அறுத்து எறிந்தேன். குதிரை கீழே கிடந்த சருகைக்கூட விடாமல் பொறுக்கியது.

"ஊரெல்லாம் சொல்லிட்டன். ஓடட்டும், மறுகா பாப்பம்."

"மறுகா குதிரை இரிக்காது அத்தான்!"

குதிரை வைத்திருப்பவர்களே, மலிவான வைத்தியம் புல்தான். நாள் முழுக்க முன்னால் கிடக்கட்டும். வெறும் வைக்கோலை நம்பாதீர்கள். பூஞ்சணம் பிடிக்காத காய்ந்த கச்சான் கொடி, அதாவது நிலக்கடலைக் கொடி, கிடைத்தால் கொஞ்சம் சேருங்கள். ஓட்டுவதற்கு முன் இரண்டு பிடி புல் கொடுத்தால் அமிலம் மேலே தெறிக்காது. மருந்தை மிருக வைத்தியர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள், அரைக்கவே வேண்டாம்.

இன்று விடிய எழும்பிப் பார்த்தால், அத்தான் புது வாய்க்கூடு பின்னிக்கொண்டிருக்கிறார். கொட்டிலில் தொங்கிய கடிவாளத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். போன் விடாமல் அடிக்கிறது.

அத்தான், அந்த ஊரில் வேறு கடிவாளம் கிடையாது. தேடிக் களைக்காமல் குதிரைக்குப் புல்லைப் போடுங்கள்.