பஸ் நிற்காத காலனி

"செவ்வாய், காலை. காலனி சமுதாயக்கூடம். ஆளுக்கொரு விசில்."

போன வார டைரியில் நான் குறித்திருப்பது இவ்வளவுதான். மாவட்ட வரலாறு என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பதால், இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு என்னையும் அழைத்துவிடுகிறார்கள். ஊர், பெயர், தேதி மூன்றும் இல்லாமல் நான் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு பெண்ணின் அடையாளம் இதில் இருக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே போகும் ரோட்டில் ஒரு நரிக்குறவர் காலனி. ரோஜா அங்கே வசிப்பவர் - பெயர் நான் வைத்தது. சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்க வருகிறவர்களிடம் பாசிமாலை விற்பவர்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், விற்று முடித்து டவுனுக்கு வந்து, வழக்கமான பஸ்ஸில் ஏறியிருக்கிறார். காலனி வந்தது. பஸ் நிற்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில்தான் இறக்கிவிட்டார்கள். தைலமரக் காட்டு வழியாகத் திரும்பி நடந்தவரை, பைக்கில் வந்த இரண்டு பேர் மரங்களுக்குள் இழுத்துப் போயிருக்கிறார்கள். ஒருவன் கையைக் கடித்து உதறிவிட்டு, இழுபறியில் முறிந்த தன் கையோடு காலனிக்கு ஓடி வந்தார் ரோஜா.

வழக்குப் பதிவானது. இரண்டு பேரும் உள்ளே. அந்த மட்டில் போலீசைக் குறை சொல்ல முடியாது. அடுத்த நடவடிக்கைதான் இந்த விழிப்புணர்வுக் கூட்டம்.

"யாராவது கிட்ட வந்தா பயப்படாம ஊதுங்கம்மா" என்றார் பெண் எஸ்.ஐ.

ஒரு பெண் ஊதிப் பார்த்தார். "சத்தம் நல்லாத்தேன் இருக்கு. பாசியில கோத்து வித்துரட்டா மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்.ஐ.யும்தான்.

ரோஜாவின் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கும் விசில் அடிச்சாங்க மேடம். கண்டக்டர் அடிச்சாரு. எறங்கணும் எறங்கணும்னு இவ கத்துறா... அவரு டபுள் விசில் குடுத்துட்டாரு. போலாம் ரைட்டுன்னு."

அதற்குப் பிறகு யாரும் ஊதவில்லை.

பெண்ணின் பாதுகாப்பு என்றாலே பெண் கையில்தானே எதையாவது கொடுக்கிறோம்? விசில், ஆப், ஹெல்ப்லைன் நம்பர். பஸ்ஸை யார் கேட்பது?

நான் கேட்டுப் பார்த்தேன். மறுநாள் அதே ரூட் பஸ். அதே கண்டக்டர்தானா என்று தெரியாது.

"அங்கிட்டு ஸ்டேஜ் இல்லைங்க சார்."

"காலேஜ் வாசல்லயும் ஸ்டேஜ் இல்லை. நிறுத்துனீங்களே?"

"அது புள்ளைங்க சார். இவுக மூட்டையோட ஏறுனா உள்ள இருக்கவுக என்னையத்தான் ஏசுறாக."

பக்கத்து சீட்காரர் உதவிக்கு வந்தார். "ஓசி டிக்கெட்டு. வீட்டு வாசல்லயே எறக்கி விடணுமாக்கும்?"

முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பினார். "நானும் ஓசிதேன். என்னைய வாசல்லதான எறக்கி விடுறாரு. அவளுக்கு மட்டும் என்னங்க?"

காலனியும் வந்தது, போனது. பஸ் நிற்கவில்லை.

ரோஜாவைத் தைலமரக் காட்டில் இழுத்தவர்கள் இரண்டு பேர். அவரை அங்கே நடக்கவிட்டவர்கள்? ஒரு பஸ் நிறைய. அதற்குச் சட்டத்தில் செக்‌ஷன் இருக்கிறதா என்று தேடினேன்... கிடைக்கவில்லை.

காலனிப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. யாரும் தனியாகத் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். டவுனில் காத்திருந்து, நாலைந்து பேராக ஒரே பஸ்ஸில் ஏறி, காலனி வருவதற்கு முன்பே படிக்கட்டுப் பக்கம் வந்து நிற்பார்கள். சில நாள் பஸ் நிற்கிறது. சில நாள் எல்லோரும் சேர்ந்து நடக்கிறார்கள். டிப்போவிலும் மனு கொடுத்திருக்கிறார்கள்.

ரோஜா மட்டும் வெளியே போகவே இல்லை. "பஸ்ஸு நிக்கும்னு சொல்லுங்க, நாளைக்கே போறேன்" என்று என்னிடமே சொன்னார். இரண்டு பிள்ளைகள். வேறு வருமானம் இல்லை.

நேற்று டிப்போவுக்கு போன் செய்தேன். "நிறுத்தச் சொல்லி ஆர்டர் போட்டாச்சு சார்" என்றது ஒரு குரல். ஆர்டரை நான் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி ரோஜாவிடம் சொன்னேன்.

இன்று காலை அவர் பாசிமாலைகளை எடுத்துக்கொண்டு சித்தன்னவாசல் போயிருக்கிறார். துணைக்கு இன்று யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

திரும்பி வரும் பஸ் காலனியில் நின்றதா என்பது, இதை எழுதி அனுப்பும் இந்த நேரம் வரை உறுதியாகவில்லை.