மூக்கிலிருந்து கழற்றிய ஈயம்

வாழைச்சேனைத் துறைமுகத்தில் அவனை 'அணியம்' ஜெயந்தன் என்றுதான் சொல்வார்கள். அணியம் என்றால் படகின் முன்முகம். அவன் கட்டிய பைபர் படகு முகத்தைத் தூக்கிக்கொண்டு போகும்; அலை வந்தால் ஏறி இறங்குமே தவிரக் குத்தாது. வேறு யாராவது கட்டிய படகு தண்ணீர் குடித்தால் அதை அவன் கொட்டிலுக்குத்தான் இழுத்து வருவார்கள். அவன் ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பான். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "முன்னுக்குப் பாரம் கூடிப்போச்சு. குறைக்கோணும்." இருபத்தைந்து வருடத்தில் அந்தத் தீர்ப்பு ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. அதுதான் அவனைக் கெடுத்தது.

அவனுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது தகப்பன் நெஞ்சுவலியில் போனார். தங்கை வதனிக்கு அப்போது மூன்று வயது. தாயும் அதிக காலம் இருக்கவில்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை அதைக் கட்டிக் கொடுத்துவிட்டு இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகவேண்டும். ஜெயந்தன் தங்கைக்கு வீட்டைக் கட்டினான். மாப்பிள்ளையாகப் போகத்தான் நேரம் கிடைக்கவில்லை. யாராவது கேட்டால், "ரெசின் பசை மணக்கிற மாப்பிள்ளை ஆருக்கு வேணும்?" என்று சிரித்துவிடுவான். வதனி பௌதிகவியல் படித்துப் பல்கலைக்கழகத்திலேயே தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, கேட்டவர்களுக்கும் சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான். அவள் கணக்கு ஒருநாளும் பிழைக்காது என்று அவனே ஊருக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தான். பிறகு அந்தக் கணக்கை நம்பாமல் விட்டவனும் அவனேதான்.

மூன்று வருடத்துக்கு முன்பு பல்கலைக்கழகங்களுக்கிடையில் ஒரு றொக்கட் போட்டி வைத்தார்கள். விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு கிலோமீற்றர் உயரத்துக்குப் போகவேண்டிய பெரிய மாதிரி றொக்கட். வதனியும் ஏறாவூர்ச் சிநேகிதி ஸாதியாவும் நாலைந்து மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார்கள். போட்டி விதிப்படி நீளம் நாலடிக்கு மேல் போகக்கூடாது. உள்ளே வைக்கவேண்டிய கருவிப் பெட்டியோ ஆறங்குல அகலம். ஆகவே றொக்கட் கட்டையும் குட்டையுமாக அமைந்தது. உடலையும் மூக்கையும் பைபரில் வார்க்கிற வேலை அண்ணன் தலையில் விழுந்தது. அவன் ஒரு மாதம் மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிவைத்தான். மூக்கை மட்டும் மூன்று தடவை வார்த்து, இரண்டை உடைத்தான். மூன்றாவதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இத விட இலேசாக் கடவுளாலயும் செய்யேலா" என்றான்.

அடுத்த நாள் அந்த மூக்குக்குள் ஒரு கிலோ ஈயம் வைக்கவேண்டும் என்று வதனி சொன்னாள்.

"ஒரு கிலோவா? உனக்கென்ன விசரா புள்ள?"

"கட்டை றொக்கட் அண்ணா. எஞ்சின் பின்னால இரிக்கு, பாரமெல்லாம் பின்னுக்குப் போகுது. காத்துப் பிடிக்கிற இடம் வேற, பாரம் நிக்கிற இடம் வேற. பாரம் நிக்கிற இடம், காத்துப் பிடிக்கிற இடத்தவிட றொக்கட்டுட அகலத்தில ஒரு மடங்காவது முன்னுக்கு நிக்கோணும். இல்லாட்டி ஆகாயத்தில கரணம் அடிக்கும்."

அவள் ஓர் ஈர்க்குக் குச்சியின் நுனியில் களிமண்ணை உருட்டி ஒட்டி எறிந்து காட்டினாள். அது நேராகப் போனது. களிமண்ணை எடுத்துவிட்டு எறிந்தாள், சுழன்று விழுந்தது. ஜெயந்தன் தலையாட்டினான். தலைதான் ஆடியது, மனம் ஆடவில்லை. ஈர்க்குச்சி வேறு, தான் வார்த்த மூக்கு வேறு என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவனோடு யார் வாதாடுவது?

ஆனாலும் சொன்னதைச் செய்தான். வலைக்குக் கட்டுகிற ஈயத்தை உருக்கி, நடுவில் துளையோடு எட்டு வட்டு வார்த்தான். மூக்குக்குள் ஓர் இரும்புத் தண்டைப் பொருத்தி, வட்டுகளை அதில் கோத்து நட்டுப்போட்டு இறுக்கினான். எஞ்சினுக்குப் பதிலாக அதே பாரத்தில் ஒரு மணல் பையைப் பின்னால் வைத்து, வதனி றொக்கட்டின் இடுப்பில் கயிறு கட்டித் தூக்கினாள். அது தராசுபோல நின்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டாள். அவள் முகத்தில் அன்று இருந்த நிறைவை ஜெயந்தன் இன்றும் மறக்கவில்லை. மறந்தால் நல்லாயிருக்கும் என்று நினைக்கிறான்.

போட்டி நாள் காலையில் வதனி அர்ச்சனை செய்யச் சித்தாண்டிக் கோயிலுக்குப் போனாள். ஜெயந்தன் கொட்டிலில் தனியே றொக்கட்டோடு இருந்தான். கையில் தூக்கினான். முன்பக்கம் தாழ்ந்தது. முகம் தாழ்ந்த படகு அலைக்குள் போய்ச் சொருகுவதை அவன் கண்ணால் பார்த்தவன். அப்படிப் போனவர்களின் பிணத்தைத் தூக்கியவன். இவ்வளவு பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இது எப்படி எழும்பும்? எழும்பாவிட்டால் எல்லோருக்கும் முன்னால் தலைகுனியப் போகிறவள் தங்கச்சி. அவளை அந்த அவமானத்திலிருந்து காப்பாற்றுவதாகத்தான் அவன் நினைத்தான். நட்டைக் கழற்றி நான்கு வட்டுகளை எடுத்தான். மீதி நான்கும் ஆடாமலிருக்க, படகுக்கு வைக்கிற நுரைத்துண்டை வெட்டி அடைத்து இறுக்கினான். எடுத்த வட்டுகளை ஈயச் சட்டிக்குள் போட்டான். அவள் திருநீறு கொண்டு வந்து அவன் நெற்றியிலும் பூசினாள், றொக்கட்டின் மூக்கிலும் பூசினாள்.

உன்னிச்சைப் பக்கம், அறுவடை முடிந்த வட்டை ஒன்றில் ஏவுதளம் வைத்திருந்தார்கள். நெல்லின் அடித்தாள் ஒட்டுக்கட்டையாகக் கிடந்த அந்தப் பெரிய வயல்வெளியில் பொலிஸ், இராணுவம், கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகள் என்று ஒரு திருவிழாக் கூட்டம். எஞ்சினைப் பொருத்தியதும் வதனி கயிற்றை எடுத்தாள். மறுபடியும் தூக்கிப் பார்க்கவேண்டும் என்றாள். வான்பரப்பு அனுமதி முடிய இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது, தூக்கிப் பார்ப்பதென்றால் அடுத்த குழுவுக்கு இடம் விடுங்கள் என்றார் ஓர் அதிகாரி. அவள் கயிற்றோடு திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"அண்டைக்குப் பாத்த மாதிரியேதானே அண்ணா இரிக்கு? ஒண்டும் மாத்தேல்லையே?"

"ஓம் புள்ள. அப்பிடியேதான்."

அவள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டாள். உலகத்தில் யாரை நம்பாவிட்டாலும் அவனை நம்புகிறவள்.

றொக்கட் சீறிக்கொண்டு கிளம்பியது. முதல் நொடியில் ஜெயந்தனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பார்த்தாயா, எழும்புகிறது. பனை உயரத்தில் அது மூக்கை ஒருபக்கம் சாய்த்தது. பிறகு ஒரு கரணம், இன்னொரு கரணம். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே அது வயலின் தூரத்து மூலையில் குத்தி விழுந்தது. வைக்கோல் பற்றிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை. நெருப்பை அணைக்க முதலில் ஓடியவன் ஜெயந்தன். நொறுங்கிய மூக்கிலிருந்து நான்கு வட்டுகளையும் எடுத்துச் சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டவனும் அவன்தான். அதிகாரிகளின் அறிக்கையில் ஒரே ஒரு வரி இருந்தது: சமநிலைக் கணக்கு பிழை.

அன்றிரவே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். அவளோ ஒரு கொப்பியில் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் விடை சரியாகவே வந்தது. பிழையைக் கண்டிருந்தால் திருத்தியிருப்பாள். காணாததுதான் அவளை உடைத்தது. இரண்டு மாதம் கழித்து ஜப்பானில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. வதனி அதை மடித்து மேசையில் வைத்தாள்.

"ஒரு கிலோ ஈயத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியாதவள் அங்க போய் என்ன அண்ணா செய்யிற? வேணாமெண்டு எழுதப்போறன்."

ஜெயந்தன் பக்கத்தில்தான் இருந்தான். நாக்கு நுனிவரை வந்தது. "உன்ட விருப்பம் புள்ள" என்றான். பயந்தாங்கொள்ளி. ஆழ்கடலில் புயலுக்குப் பயப்படாதவன் ஒரு வாக்கியத்துக்குப் பயந்தான். விரிவுரையாளர் ஒப்பந்தம் முடிந்ததும் அவள் புதுப்பிக்கவில்லை. இப்போது பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராகக் கோப்புகளுக்கு இலக்கம் போடுகிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸாதியா தொலைபேசியில் பேசினாள். அவள் இன்னும் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறாள். புதிய குழு ஒன்று அதே கட்டை றொக்கட்டைச் செய்யப்போகிறதாம், வதனியின் கொப்பி வேண்டுமாம். வதனி குசினியில் நின்றபடி சொன்னாள்: "அத எடுக்காதகா ஸாதியா. அது பிழைச்ச கணக்கு. புள்ளையள் என்னால ஏமாறக்கூடா." குரலில் கோபமோ அழுகையோ இல்லை. உப்பு முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அது ஜெயந்தனால் தாங்கமுடியாமல் போனது.

அவள் தொலைபேசியை வைத்ததும் எல்லாவற்றையும் சொன்னான். நின்றபடியே சொன்னான். கண் கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரம்.

வதனி "எத்தின வட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு."

அவள் அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். அரைக் கிலோவைக் கழித்துக் கணக்கை முதலிலிருந்து போட்டாள். பேனை ஓரிடத்திலும் நிற்கவில்லை. கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அரை அகலம்கூட வரேல்ல. கவிழத்தான் வேணும்." பிறகு கொப்பியை மூடிவிட்டு, "கடிதத்துக்குப் பதில் எழுதின அண்டைக்கு நீங்க எனக்குப் பக்கத்திலதானே அண்ணா இருந்தீங்க?" என்றாள்.

திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் திட்டவில்லை. தொலைபேசியை எடுத்து ஸாதியாவைக் கூப்பிட்டாள்.

"கொப்பிய வந்து எடு ஸாதியா. கணக்கு சரிதான். அண்டைக்கு மூக்கில பாரம் குறைஞ்சிருந்திரிக்கு. ஏவ முதல் கட்டாயம் தூக்கிப் பாக்கச் சொல்லு. நான் பாக்கேல்ல, அது என்ட பிழை."

"குடு புள்ள, நான் சொல்றன்," என்று ஜெயந்தன் கையை நீட்டினான். அவள் அதற்குள் தொடர்பைத் துண்டித்திருந்தாள்.

"வேணாம் அண்ணா," என்றாள். "இனிச் சொல்லி ஆருக்கு?"

அவள் எழுந்து போய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றைப் பார்த்தாள். வெந்துவிட்டதென்று இறக்கி, அண்ணனுக்கு முதலில் போட்டாள்.