நெஷ்கா உட்கார்ந்த கதை

நெஷ்கா லோர்பெக் வாழ்க்கையில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. சந்தேகமிருந்தால் அவளையே கேட்டுப் பாருங்கள். எட்டு வயதில், மரிபோர் ஊரை ஒட்டிய போஹோர்யே மலைச்சரிவில், தெருப் பையன்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தலைகுப்புறப் பனியில் போய்ச் செருகிக்கொண்டாளே, அது என்ன?

"விழல. உட்கார்ந்தேன்."

"தலைகீழாவா உட்காருவாங்க?"

"எங்க வீட்டுல அப்படித்தான்."

கல்யாணத்தன்று ஆட்டத்தின் நடுவில் மாப்பிள்ளை விங்கோவையும் இழுத்துக்கொண்டு தரையில் உருண்டாள். அதுவும் உட்கார்ந்ததுதான். திராவா நதிக்கரை நெசவாலையில் இருபத்து மூன்று வருஷம் தறி ஓட்டினாள். நாடே துண்டு துண்டாக உடைந்தது, கொஞ்ச நாளில் ஆலையும் மூடியது. கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து வாசலுக்கு வெளியே அனுப்பினார்கள். "என்னடி, இப்படி விழுந்துட்டியே" என்று எதிர்வீட்டுக்காரி உச்சுக்கொட்டினாள். "யாரு விழுந்தா? உட்கார்ந்திருக்கேன்" என்றாள் நெஷ்கா. அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவள் அழுதது விங்கோவுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த குளிர்காலமே மலையடிவாரத்தில், பனிச்சறுக்குக்காரர்கள் வந்து நிற்கும் திடலின் ஓரத்தில், ஒரு மரப் பெட்டிக்கடையை வாடகைக்குப் பிடித்தாள். விங்கோ தங்கள் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் போடுவான். இவள் அதில் கிராம்பும் பட்டையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுப்பாள். பக்கத்தில் சட்டியில் புளித்த முட்டைக்கோஸும் தொத்திறைச்சியும். எல்லைக்கு அந்தப் பக்கம் கிராட்ஸிலிருந்து வருகிறவன், ஸாக்ரெபிலிருந்து வருகிறவன், எவனாக இருந்தாலும் மரிபோருக்கு வந்தால் நெஷ்கா கடையில் மூக்கு சிவக்கக் குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவான். இருபது வருஷம் இப்படியே ஓடியது.

கடையின் நெற்றியில் இரண்டு பலகைகள் ஆணியடித்துத் தொங்கும். பீப்பாய்ப் பலகைகள். நெஷ்காவின் அப்பா பீப்பாய் செய்கிறவர். ஓட்டை விழுந்து ஒதுக்கிய பலகைகளில் தோல்வாரைத் தைத்து, "இந்தா, உன் சறுக்குப் பலகை" என்று மகளிடம் கொடுத்தவர். அவர்கள் குடியிருந்த ராத்வான்யே தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் சறுக்கின. அந்தப் பலகையில் திரும்புவது கஷ்டம், நிற்பது அதைவிடக் கஷ்டம். நீளமான ஒரு கழியைக் கால்களுக்கு நடுவே கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்து அழுத்தினால்தான் வேகம் குறையும். உட்காரத் தெரிந்தவள் நிற்பாள் என்பார் அப்பா.

அந்தப் பலகைகள்தான் வினையாயின.

மலையடிவாரத்தைப் புதிதாக எடுத்து நடத்த வந்த கம்பெனிக்கு மேனேஜர் தாதேய். முப்பது வயது, பளபளவென்று சட்டை, வாய் நிறைய மரியாதை. டிசம்பரில் ஒருநாள் கடைக்கு வந்து பலகைகளை அண்ணாந்து பார்த்தான்.

"நெஷ்காம்மா, இதுல நீங்க சறுக்கியிருக்கீங்களா?"

"பின்னே, ரொட்டி மாவு தேய்ச்சேனா?"

அவன் கண் பளிச்சென்று ஆனது. சனிக்கிழமைச் சுற்றுலாவுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தானாம். காலையில் நதிக்கரை நடை, மத்தியானம் நானூறு வயதுத் திராட்சைக்கொடியின் கீழே ஒயின், சாயங்காலம் மலையடிவாரத்தில் பழைய காலத்துப் பாட்டி. தலையில் முக்காடு, இடுப்பில் ஏப்ரன், முதுகில் கூடை, கூடை நிறைய ஆப்பிள். பாட்டி பீப்பாய்ப் பலகையில் தள்ளாடித் தள்ளாடி இறங்கி வருவாள். கீழே வைக்கோல் குவித்திருக்கும். அதில் தடாலென்று விழுவாள், ஆப்பிள் நாலாபக்கமும் உருளும், வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

"இறங்கறேன். விழமாட்டேன்" என்றாள் நெஷ்கா. "அப்புறம் எனக்குப் பேரனும் கிடையாது, பேத்தியும் கிடையாது. யாரைப் பாட்டிங்கற?"

"விழுந்தாதாம்மா சிரிப்பாங்க."

"உனக்குச் சிரிப்பு வேணும்னா நீ விழு. சின்ன உடம்பு, நல்லா உருளும்."

தாதேய் கோபப்படவில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான். "கடையோட ஒப்பந்தம் மார்ச்ல முடியுது. மூணு பேர் கேட்டிருக்காங்க. நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்கிறவங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும்னு மேல சொல்றாங்க. யோசிச்சுச் சொல்லுங்க." சொல்லிவிட்டு ஒரு ஒயினும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான், எமகாதகன்.

வீட்டில் விங்கோ தலையில் கைவைத்துக்கொண்டான். "நிலவறைல ஆறு பீப்பாய் நிறைய நிக்குது. கடை போச்சுன்னா அதை யாரு தலைல ஊத்தறது? ஒரு தடவை விழுந்துட்டுப் போயேன்டி. தேய்ஞ்சா போயிடுவ?"

"நீ விழேன்."

"என்னைக் கேட்டா இப்பவே விழுவேன். என்னைக் கேக்கலையே!"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சல். அறுபத்து மூன்று வயதில் இன்னொரு இடம் எங்கே தேடுவது? மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நாலாம் நாள் சரி என்றாள்.

சரி என்றால் ஆயிற்றா? விழப் பழக வேண்டுமே! முற்றத்தில் வைக்கோலைக் கொட்டி விங்கோ பாடம் நடத்தினான்.

"உடம்பைத் தளர விடு."

"விட்டுட்டேன்."

"விட்ட லட்சணமா இது? கொடிக்கம்பம் மாதிரி நிக்கற. முழங்காலை மடக்கு. ம்... சாய்!"

சாய்ந்தாள். காற்றில் கை தானாகத் துழாவிப் பம்ப்செட் குழாயைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை விங்கோவின் காதைப் பிடித்துக்கொண்டது. மத்தியானம்வரை முயன்றும் அந்த உடம்பு விழவில்லை. "உன்னைப் பெத்தாங்களா, நட்டாங்களா?" என்று காதைத் தேய்த்துக்கொண்டே விங்கோ உள்ளே போய்விட்டான். விழுகிற நேரத்தில் எப்படியாவது விழுந்துகொள்ளலாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பிப்ரவரி சனிக்கிழமை. அந்த வாரம் இரண்டு நாள் நல்ல பனி கொட்டி, ராத்வான்யே தெருவே வெள்ளையாகக் கிடந்தது. திடலில் நாலு பஸ் கூட்டம். பாதிச் சரிவு உயரத்துக்கு நெஷ்காவை ஏற்றிவிட்டவள் லோய்ஸ்கா, ரோப் காரில் டிக்கெட் கிழிக்கிறவள், ஒருகாலத்தில் ஆலையில் பக்கத்துத் தறிக்காரி.

"முக்காடு உனக்கு எடுப்பா இருக்குடி" என்றாள் லோய்ஸ்கா.

"வாயை மூடு."

"விழும்போது பல்செட்டைக் கழட்டிடு. போன வருஷம்தானே வாங்கின."

நெஷ்காவுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்த ஒரே சிரிப்பு. கடையிலிருந்து கழற்றி வந்த பலகைகளின் வாரை இறுக்கிக் கட்டினாள், கூடையைத் தோளில் ஏற்றினாள், கழியை எடுத்தாள். கடைச் சாவி ஏப்ரன் பையில் இடித்துக்கொண்டிருந்தது. விழத்தான் போகிறோம், கடைக்காக, ஆறு பீப்பாய்க்காக, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அப்போது கீழே மைக்கில் தாதேய் ஆரம்பித்தான். ஒவ்வொரு வரியையும் மூன்று மொழியில் சொன்னான்.

"அந்தக் காலத்துல எங்க ஜனங்க பாவம், ஏழைங்க! பீப்பாய் உடைஞ்சா அந்தப் பலகையைக் கால்ல கட்டிக்குவாங்க! அதுல ஒருத்தராலயும், ஒரே ஒருத்தராலயும் நின்னு கீழ வந்து சேர முடிஞ்சதில்ல! இதோ, எங்க பாட்டி! எவ்வளவு தூரம் தாங்கறாங்கன்னு பாக்கலாமா?"

கூட்டம் ஓவென்று கத்தியது.

நெஷ்காவுக்குக் காது ஜிவ்வென்றது. பாட்டி என்றதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஒருத்தராலயும் முடிஞ்சதில்லையா? அப்பா விளக்கடியில் உட்கார்ந்து, வாரைத் தைத்து, ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு கொடுத்த பலகை இது. இதில்தான் பத்து வயதில் அவள் மலை முழுக்க இறங்கி வீடுவரை போனாள். இப்போது வைக்கோலில் விழுந்தால், இவன் சொல்கிற பொய்க்கு அவளே சாட்சிக் கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

"நான் நின்னேன்டா, மடையா" என்று வாய்விட்டுச் சொன்னாள். லோய்ஸ்கா திரும்பிப் பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

ஐம்பது வருஷம் கழித்துக் காலில் கட்டிய பலகை. முதல் பத்து கஜம் உயிர் கையில் இல்லை. இடதுகால் ஒரு பக்கம் இழுத்தது, கூடை இன்னொரு பக்கம் இழுத்தது, முழங்கால் 'வேண்டாம் தாயே' என்று கத்தியது. அப்புறம் கழியைக் கால் நடுவே கொடுத்தாள். உட்கார்ந்தாள். பனி சீறிக்கொண்டு பின்னால் தெறித்தது. பலகை சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

"ஆடறாங்க, ஆடறாங்க! இதோ விழப்போறாங்க!" என்று மைக் அலறியது. அவள் ஆடவில்லை. கூட்டத்தின் கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வைக்கோல் நெருங்கியது, பக்கத்தில் மைக்கோடு தாதேய். கழிமேல் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினாள். வைக்கோலுக்கு ஒரு முழம் முன்னால் பலகை நின்றது. அவளும் நின்றாள்.

தாதேய் மைக்கைக் கையால் பொத்தினான். "நெஷ்காம்மா! விழணும்னு பேசினோமே!"

"விழணுமா? இந்தா." கூடையைக் கவிழ்த்தாள். ஆப்பிள்கள் வைக்கோலில் கொட்டி உருண்டன. ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்து அவற்றின் நடுவில் போட்டாள். "விழுந்தாச்சு. பொறுக்கிக்க."

அப்புறம் யாரோ கைதட்டினார்கள், நாலு பஸ் கூட்டமும் சேர்ந்துகொண்டது. வைக்கோலில் மண்டியிட்டு ஆப்பிளுக்கு நடுவே சாவியைத் துழாவிக்கொண்டிருந்த தாதேயைப் பார்த்து நன்றாகவே சிரித்தார்கள். நெஷ்கா அதைப் பார்க்க நிற்கவில்லை. திடலைத் தாண்டி, தன் கடையைத் தாண்டி, திறந்துகிடந்த கேட் வழியாக, அதே பலகையில் சறுக்கிக்கொண்டே ராத்வான்யே தெருவுக்குள் இறங்கிவிட்டாள். கடையைத் தாண்டும்போது மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபது வருஷம், கேட்பானேன்.

வீட்டு முற்றத்துக்குள் திரும்பும் இடத்தில் வலதுகால் வார் பட்டென்று அறுந்தது. அவள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், கழி ஒரு பக்கம். காலிப் பீப்பாய்கள்மேல் மோதிப் பனியில் குப்புறக் கிடந்தாள்.

சத்தம் கேட்டு விங்கோ நிலவறையிலிருந்து ஓடிவந்தான். மனைவியைப் பார்த்தான், வெறும் கூடையைப் பார்த்தான்.

"சாவி எங்க?"

"வைக்கோல்ல."

"அப்ப அங்க விழல."

"விழல."

மேலே திடலிலிருந்து கைதட்டல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு பீப்பாயைப் பற்றி விங்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். எடுத்த வாயை மூடிக்கொண்டான். அவள் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டான்:

"இப்ப என்ன, உட்கார்ந்திருக்கியாக்கும்?"

நெஷ்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை.

"இல்லய்யா. விழுந்துட்டேன். கையக் குடு."